எழுத்தில்லாப் புத்தகம்: வாங்கும் முன்பும் விரிக்கும் முன்பும்

எழுத்தே இல்லாமல் நிறப் பக்கங்களை மட்டும் காட்டிப் பிள்ளைகளுக்குச் சுவிசேஷம் சொல்ல உதவுவது எழுத்தில்லாப் புத்தகம். ஞாயிறு பள்ளிக்கோ வி.பி.எஸ்.ஸுக்கோ (விடுமுறை வேதாகமப் பள்ளி) இதை வாங்குகிறவர்கள் முதலில் அளவைப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் புத்தகம் ஓரிருவரிடம் உட்கார்ந்து பேசத்தான் உதவும். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு ஏ4 அளவாவது வேண்டும். அட்டையைவிட ஃபெல்ட் துணி நீடித்து உழைக்கும், ஆனால் வெள்ளைப் பக்கம் சீக்கிரம் அழுக்காகும். சுத்தமான இருதயத்தைப் பற்றிச் சொல்லும் பக்கமே அழுக்காயிருந்தால் பிள்ளைகள் கண்ணில் அதுதான் படும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றித் தைக்க வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பொன் பக்கத்தில் ஒட்டும் பளபளத் தாள் மடிப்பில் உரியும், வெயிலில் கண் கூசும். மங்கலான பொன்னிறத் துணி நல்லது.

1866 ஜனவரி 11 அன்று லண்டனில் போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன் செய்த பிரசங்கத்தில்தான் இந்தப் புத்தகத்தின் தொடக்கம்; அதில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்றே நிறங்கள் இருந்தன. 1875இல் அமெரிக்கச் சுவிசேஷகர் டி. எல். மூடி பொன்னைச் சேர்த்தார். பச்சை அதற்கும் பின்னால் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரோடு பெயர் பிணைந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் பச்சை நீங்கலான நான்கு நிறங்களைச் சாட்டின் கொடியாகத் தைத்து, மாட்டுவண்டியில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

இப்போது வழக்கத்திலுள்ள வரிசை: உள்ளே பொன், இருள், சிவப்பு, வெள்ளை; பச்சை மேலட்டையில். பொன் பக்கத்தைப் பரலோகத்தின் பொன் வீதியோடு நிறுத்தினால் பிள்ளைகள் மனதில் நகைதான் நிற்கும். அந்த இடத்தைப் படைத்த தேவன் பரிசுத்தர், அவர் நம்மை நேசிக்கிறார் என்பதை முதலில் சொல்லுங்கள். யோவான் 3:16 இங்கேயே வரட்டும். இரண்டாம் பக்கத்தை 'கறுப்பு' என்று சொல்லவே வேண்டாம், 'இருள்' என்று சொல்லுங்கள். நிறத்தை வைத்துக் கேலிக்கு ஆளாகும் பிள்ளை வகுப்பில் இருக்கும். பாவத்துக்குத் தன் தோலின் நிறம் என்று அது நினைத்துவிட்டால் அந்தக் காயம் ஆறாது. 'எல்லாரும் பாவஞ்செய்து' என்ற ரோமர் 3:23இல் சொல்லிக்கொடுக்கிறவரும் அடக்கம்.

தவறு அதிகம் நடப்பது சிவப்பில். இரத்தம், சிலுவை என்று உருக்கமாகச் சொல்லி முடித்து அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். உயிர்த்தெழுதலுக்கென்று தனி நிறம் இல்லாததால் அது விட்டுப்போகிறது. 1 கொரிந்தியர் 15:3-4ஐ முழுதாக வாசித்து, மூன்றாம் நாளைச் சொன்ன பிறகே பக்கத்தைத் திருப்புங்கள். மரித்தவர் எழுந்திராவிட்டால் விசுவாசம் வீண் என்று அதே அதிகாரத்தில் பவுல் சொல்லுகிறார்.

வெள்ளையில் சங்கீதம் 51:7ஐ வாசித்தால், பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் வரும் 'உறைந்த மழையிலும் வெண்மையாவேன்' பிள்ளைகளுக்குப் பிடிபடாது. 'உறைந்த மழை'தான் பனி என்று ஒரு வரியில் விளக்கினால் போதும். இங்கே 'கையைத் தூக்குங்கள்' என்று கேட்டுக் கணக்கெடுப்பது வேண்டாம். பக்கத்துப் பிள்ளை தூக்கினால் இந்தப் பிள்ளையும் தூக்கும். யோவான் 1:12ஐ வாசித்து, விருப்பமுள்ளவர் வகுப்பு முடிந்து வந்து பேசலாம் என்று விட்டுவிடுங்கள். இரட்சிப்பு 'உங்களால் உண்டானதல்ல' என்ற எபேசியர் 2:8 இந்தப் பக்கத்துக்குத்தான் அவசியம். சொல்லாவிட்டால், நல்ல பிள்ளையாக நடந்தால் வெள்ளையாகலாம் என்றே புரிந்துகொள்வார்கள்.

விசுவாசத்தில் வளர்வதைக் காட்டும் பச்சை எளிது: ஜெபம், வேத வாசிப்பு, சபை, சாட்சி. விசுவாசித்த பிறகும் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு 1 யோவான் 1:9.

மனந்திரும்புதல், சிலுவை, வேதத்தின் அதிகாரம், ஊழிய வாஞ்சை என நான்கு அடையாளங்களால் சுவிசேஷ விசுவாசத்தை (இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவத்தை) வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989இல் வரையறுத்தார். இந்தப் புத்தகத்தில் முதல் இரண்டும் அழுத்தமாக நிற்கின்றன, ஊழியத்துக்குப் பச்சையில் இடமுண்டு. வேதத்தின் அதிகாரத்துக்குத்தான் பக்கமே இல்லை; எழுத்தில்லாத புத்தகத்தில் அது எப்படி வரும்? ஆகவே இடது கையில் இது, வலது கையில் திறந்த வேதாகமம். வசனத்தைப் பக்கத்தின் பின்புறம் ஒட்டிப் பார்த்து வாசிக்காதீர்கள். வேதாகமத்திலிருந்து வாசிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.