வெள்ளைப் பொட்டுக்கு ஐந்து நட்சத்திரம், மழைக்கோட்டுக்கு ஒன்று

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலைக்குப் போய் ஒரு நாள் நடந்துவிட்டு வந்தேன். தனியாக. திட்டம் என்று எதுவும் கிடையாது, முந்தைய நாள் ராத்திரி பத்து மணிக்கு முடிவு செய்து விடிகாலை நாலரைக்குக் கிளம்பியதுதான். போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள். ஆனால் காலை ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்க முடியாதென்றால் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டை வாங்கும் முன் குழாயடியில் நின்று சோதித்துப் பாருங்கள், இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நாங்கள் பாண்டிச்சேரி. குடும்பத்தில் பாதிப்பேர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் என்பதை பாண்டிச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் இதைப் படித்தவுடன் மறந்துவிடலாம். அக்கா அந்தத் தீவில் சேன் பியேர் ஊரில் இருக்கிறாள். ஜூலையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது எல்லோருமாக எரிமலைக்குப் போவதாகப் பேச்சு, கடைசி நேரத்தில் மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை, குழந்தைக்குச் சளி. சரி, நான் மட்டும் போகிறேன் என்றேன். "வானம் மூடிக்கெடக்கு, தனியா வேற போற, வழுக்கி விழுந்தா யாருடா பாப்பாங்க" என்றாள் அக்கா. மாமா கார் சாவியை எடுத்து நீட்டிவிட்டு, "கேட் தொறந்திருக்கான்னு மட்டும் பாத்துக்கோ" என்றார். அந்த ஒரு வரிதான் அன்று எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான அறிவுரை, காரணம் பின்னால் வருகிறது.

பாதை எப்படி? சேன் பியேரிலிருந்து லெ தாம்போன் வழியாக மேலே ஏறும் சாலை நல்ல சாலை. அந்தப் பக்கம் ஊர்ப் பெயர்களே கிலோமீட்டர் கணக்குதான், பதினாலாவது, பத்தொன்பதாவது, இருபத்து மூன்றாவது என்று வந்துகொண்டே இருக்கும். இருபத்தேழாவதுதான் பூர் முரா. எரிமலையைக் கண்காணிக்கும் ஆய்வகம் இங்கே இருக்கிறது, 1977இல் லாவா (எரிமலைக் குழம்பு) பித்தோன் சேன்த் ரோஸ் ஊருக்குள் புகுந்து அங்கிருந்த தேவாலயத்தின் வாசல்வரை போன பிறகு கட்டியது. பூர் முராவில் பிரதான சாலையை விட்டு எரிமலைச் சாலைக்குத் திரும்ப வேண்டும். பெட்ரோலை அதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் ப்ளேன் தே சாப்ல் என்ற சமவெளி, அதற்குள் இறங்கும் வளைவில் வண்டியை நிறுத்தாமல் போகிறவன் மனிதனே இல்லை. புல் பூண்டு இல்லாமல் கறுப்பும் செங்கல் நிறமுமாக ஒரு மணல்வெளி, அரை வெளிச்சத்தில் வேறு கிரகத்துக்கு வந்துவிட்ட மாதிரி. ஆனால் அதன் நடுவே போகும் மண் சாலை குழியும் பள்ளமுமாக இருந்தது, மாமாவின் பழைய கார் போட்ட சத்தத்தை நான் வீட்டில் சொல்லவில்லை.

வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பெயர் பா த பெல்கோம்ப், உயரம் 2,311 மீட்டர். கட்டணம் கேட்க யாரும் இல்லை. ஜூலை என்றால் அங்கே குளிர்காலம், விடிகாலையில் கை விரல் மரத்துப்போகிறது. விளிம்பில் போய் நின்றால் எதிரே எரிமலை தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைச் சுவர். பக்கத்தில் வந்து நின்ற பிரெஞ்சுத் தம்பதி அதை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வண்டிக்குள் போய் ஃபிளாஸ்கைத் திறந்துவிட்டார்கள். நானும் போயிருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அதுவும் அக்காவிடம் அவ்வளவு பேசிவிட்டு, திரும்பினால் நன்றாகவா இருக்கும்?

மாமா சொன்ன கேட் இங்கேதான். எரிமலை வெடித்தாலோ, வெடிக்கும் அறிகுறி தெரிந்தாலோ இதைப் பூட்டிவிடுவார்கள், உள்ளே போகத் தடை. உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று இது, அதனால் கேட் பூட்டியிருப்பது அபூர்வம் எல்லாம் இல்லை. கிளம்பும் முன் ஆங்க்ளோ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆங்க்ளோ என்றால் எரிமலையைச் சுற்றி மதில் கட்டியதுபோல நிற்கும் செங்குத்துப் பாறைக்குள் அடங்கிய பள்ளம். நடை முழுவதும் அதற்குள்தான்.

நம்மூர் மலைக்கோயில்களில் முதலில் ஏறுவோம், சாமி பார்த்துவிட்டு ஹாயாக இறங்குவோம். இங்கே தலைகீழ். எடுத்தவுடன் ஐநூற்றுச் சொச்சம் படி இறங்க வேண்டும், திரும்பும்போது களைத்துப்போன காலோடு அத்தனையையும் ஏற வேண்டும். படிகளைக் குறை சொல்ல மாட்டேன், ஈரத்திலும் கால் நின்றது. ஆனால் இறங்கும்போதே திரும்பி ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று புரியும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஒரு மரம் கிடையாது. நான் இரண்டு லிட்டர் கொண்டுபோனேன், கடைசிப் படிக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

இறங்கியவுடன் ஃபோர்மிக்கா லேயோ என்று சின்னதாக ஒரு சாம்பல் கூம்பு, 1753இல் உண்டானது. அந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? குழியானை! நாம் சின்ன வயதில் திண்ணை ஓரத்துப் புழுதியில் ஈர்க்குச்சியால் கிண்டி எடுப்போமே, அதே பூச்சி. மேலே ஏறி நடுவில் இருக்கும் குழியைப் பார்த்தால் பெயர் வைத்தவன்மேல் மரியாதை வருகிறது, அச்சு அசல் குழியானைக் குழி. நடக்க முடியாதவர்களையும் குழந்தைகளையும் இதுவரை கூட்டி வந்துவிட்டுத் திரும்பினாலும் மோசமில்லை, படி ஏறத் தெம்பு இருந்தால்.

இனி இந்த விமர்சனத்தின் கதாநாயகனுக்கு வருகிறேன். வெள்ளைப் பெயிண்ட்.

காட்டுப்பாதை என்றால் ஆள் நடந்து நடந்து தடம் விழும். இங்கே தரை முழுக்க இறுகிய லாவா. சில இடத்தில் பாலாடை சுருங்கினாற்போல மடிப்பு மடிப்பாக, கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல இருக்கும்; மேல்தோல் ஆறி இறுக உள்ளே குழம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் வந்த சுருக்கம் அது. சில இடத்தில் உடைத்துப் போட்ட கண்ணாடிமாதிரி கரடுமுரடாக இருக்கும், அதை அந்த ஊரில் கிராத்தோன் என்கிறார்கள். இரண்டிலுமே தடம் என்று பெரிதாக எதுவும் விழாது. அதனால் பாறைமேல் சில அடிக்கு ஒன்றாக வெள்ளைப் பொட்டு வைத்திருக்கிறார்கள். வெயில் நாளில் போனவர்கள் எழுதியதைப் படித்தால் இந்தப் பொட்டுகளை யாரும் கண்டுகொள்ளவே மாட்டார்கள். மேகத்துக்குள் போனவன் சொல்கிறேன், அந்தப் பாதையில் இருக்கும் ஒரே சேவை அதுதான், அது முதல் தரம்.

முதல் ஒரு மணி நேரம் கீழே தெளிவாகவே இருந்தது. ஷாப்பேல் த ரோஸ்மோன் என்று லாவா கொப்புளம்போல் உப்பி நின்ற ஒரு பாறை, உள்ளே குடைவாக, சின்னக் கோயில் வாசல்போல. அங்கே உட்கார்ந்து அக்கா கட்டிக் கொடுத்த புளிசாதத்தில் பாதியைச் சாப்பிட்டேன். அதைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது, மேகமும் ஆரம்பித்தது. கடல் பக்கமிருந்து வரும் காற்று ஈரத்தை மலைமேல் தள்ளிக்கொண்டே இருக்கும், பொழுது ஏற ஏற மேகம் சேரும், ஒன்பது பத்து மணிக்கு மேல் மூடிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு அது எட்டு மணிக்கே வந்துவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கறுப்புத் தரை, வெள்ளைக் காற்று, நடுவில் நான்.

பொட்டு, அடுத்த பொட்டு, அடுத்த பொட்டு என்று போய்க்கொண்டிருந்தவன் ஒரு கட்டத்தில் யோசனையில் ஏதோ வெள்ளையைப் பார்த்து நடந்துவிட்டேன். கிட்டப் போனால் அது பெயிண்ட் இல்லை, லைக்கன். லாவா ஆறிய பிறகு அதன்மேல் முதலில் வந்து ஒட்டும் சாம்பல் வெள்ளைப் பாசிமாதிரி ஒன்று. சுற்றிலும் பார்த்தால் எல்லாப் பாறையிலும் அதுவே! வயிற்றில் புளிசாதம் ஒரு தடவை புரண்டது. கைபேசியில் சிக்னல் ஒரு கோடு வந்து போனது. நான் செய்த ஒரே நல்ல காரியம் நின்றதுதான். பையை அதே இடத்தில் வைத்து, அது கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை மட்டும் ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தில் பொட்டு கிடைத்தது. பதினைந்தடிகூட இருக்காது. அந்தப் பதினைந்தடிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, அதற்குள் ஒரு தடவை தடுக்கி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டேன் (கையுறை கொண்டுபோங்கள், குளிருக்கு இல்லை, இதற்கு). அதற்குப் பிறகு அடுத்த பொட்டு கண்ணில் படாமல் நிற்கும் பொட்டை விட்டு நகரவே இல்லை.

இப்படி நான் ராணுவ வீரன்போல முன்னேறிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகளோடு, ரப்பர் செருப்பில், போன்ஜூர் சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

மழைக்கோட்டு விஷயம். முந்தைய நாள் சேன் பியேரில் ஒரு கடையில் 35 யூரோ கொடுத்து வாங்கியது. கடை பெயர் வேண்டாம். மழை உள்ளே போகவே போகாது என்று விற்றவர் சொன்னார், சீட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. பெய்தது மழைகூட இல்லை, தூறல். அரை மணியில் இரண்டு தோளிலும் தையல் வழியாக இறங்கி உள்சட்டை நனைந்துவிட்டது. இந்த எரிமலைக்குப் போகும் சாலைப் பக்கத்தில் கொமெர்சோன் என்று ஒரு பழைய எரிமலைவாய் இருக்கிறது, 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது மூன்றே நாளில் அங்கே 3,930 மில்லிமீட்டர் மழை பதிவாகி உலக சாதனை ஆனது. பாண்டிச்சேரியில் மூன்று வருடம் பெய்கிற மழை அது. அப்படிப்பட்ட தீவில் தூறலுக்குத் தாங்காத கோட்டை விற்பதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். குளிர்கிற மலையில் நனைந்த சட்டையோடு காற்றில் நிற்பது சாதாரண விஷயம் இல்லை, நல்ல வேளையாக அக்காவின் பழைய ஸ்வெட்டர் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. தையலின் உட்பக்கம் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் கோட்டில் ஒட்டவில்லை.

ஒன்பதே காலுக்கு, உச்சியில் இருக்கும் தொலோமியூ என்ற எரிமலைவாயின் விளிம்பில் இருக்கும் பார்வையிடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். 2007 ஏப்ரலில் பெரிய வெடிப்பு ஒன்று நடந்தபோது அடியிலிருந்த குழம்பு வடிந்துபோக, இந்த எரிமலைவாயின் தரையே முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே இடிந்து இறங்கிவிட்டது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் அகலப் பள்ளம். எனக்கு முன்னால் அது முழுக்கப் பால் ஊற்றி வைத்ததுபோல மேகம். பாட்டி அங்கே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு சமோசா கொடுத்துக்கொண்டிருந்தார், எனக்கும் ஒன்று நீட்டினார். நாற்பது நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. கிளம்பலாம் என்று பையை மாட்டியபோது கீழிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. முதலில் எதிர்ச்சுவர் வந்தது, பட்டை பட்டையாகச் சிவப்பும் சாம்பலும், அதற்குக் கீழே இன்னொரு பட்டை, அதற்கும் கீழே, அடி இன்னும் வரவில்லை, அதற்கும் கீழே கறுப்பாக ஒரு தரை, ஓரத்தில் எங்கேயோ ஆவி. என் கால் தானாக ஓரடி பின்னால் வந்தது. மூன்று நிமிடம் இருக்கலாம். பிறகு மூடிவிட்டது. போட்டோ எடுத்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை.

இறக்கம் பற்றிச் சொல்ல அதிகமில்லை, முழங்கால் வலித்தது, அந்த ஐநூறு படியில் ஏழு தடவை உட்கார்ந்தேன், வாகனத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். இளவயசுக்காரர்கள் ஐந்து மணி நேரத்தில் முடிக்கிறார்கள். எனக்கு ஆறு.

சாப்பாடு: திரும்பும் வழியில் பூர் முராவில் சாலையோரக் கடை ஒன்று. 12 யூரோவுக்கு சோறு, பருப்பு, தக்காளிக் குழம்பில் வெந்த சாசேஜ், கீரை, காந்தலாக ஒரு மிளகாய்த் துவையல். இது என்ன கீரை என்று கேட்டேன், "முருங்" என்றார் பரிமாறிய அம்மா. மேலே தூவியிருப்பது? "கொத்தோமிலி." குழம்பில் கிடப்பது? "கலுபிலே." பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்காலிலும் பாண்டிச்சேரியிலும் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த சொற்கள், அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, கறிவேப்பிலையை ஒதுக்காமல் சாப்பிட்டதற்கு என்னைப் பார்த்துச் சிரித்தார். சோறு இரண்டாம் தடவையும் வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

ஆக, பாதைக்கு நாலு, அந்த ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது மண் சாலைக்கு. பொட்டு வைத்தவர்களுக்கு ஐந்து. சாப்பாட்டுக்கு ஐந்து. கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், ஒரு தடவை உடுத்தியதை வாங்க மாட்டோம் என்றார்கள். இப்போது அது அக்கா வீட்டு மாடியில் துவைக்கும் இயந்திரத்தை மூடியிருக்கிறது. அங்கேயும் ஒழுகுகிறதாம்.