திடப்படுத்தல் வகுப்பில் பாலியல் கல்வி: ஒருநாள் முகாமா, ஆறு வார வகுப்பா?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. திடப்படுத்தல் வகுப்பு, அதாவது வளர்ந்துவரும் பிள்ளைகள் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திருவிருந்து எடுக்கத் தயாராகும் வகுப்பு. அந்தப் பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி வேண்டும் என்று கமிட்டியில் ஒருவழியாக முடிவானதும், எப்படி நடத்துவது என்பதில் இரண்டு கட்சி. டாக்டரை அழைத்து ஒருநாள் முகாம் போடலாம் என்றார்கள் சிலர். சபைக்குள்ளேயே ஆளைத் தயார்படுத்தி ஆறு வாரம் எடுக்கலாம் என்றார்கள் மற்றவர்கள். முதல் வருடம் முகாம் போட்டோம், போன வருடம் வகுப்பு எடுத்தோம். நான் இப்போது வகுப்புக் கட்சி.

முகாமின் சௌகரியம் தெரிந்ததுதான். ஒரே நாளில் முடியும், டாக்டர் சொன்னால் பெற்றோரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். வந்தவர் பருவ மாற்றம், கருத்தரிப்பு, எச்ஐவி எல்லாம் படம் போட்டு நன்றாகவே விளக்கினார். கடைசியில் "கேள்வி உண்டா?" என்றார். எழுபது பிள்ளைகள், பின்வரிசையில் அவர்களுடைய அம்மாக்கள். யார் கை தூக்குவார்கள்? நாலு மணிக்கு டாக்டர் காரேறிவிட்டார்.

கேள்வி மூன்றாவது வாரம் வந்தது. ஓய்வுநாள் பள்ளி முடிந்து, சைக்கிள் பூட்டைத் திறப்பதுபோலக் குனிந்துகொண்டே ஒரு பையன் கேட்டான்: "சார், தூக்கத்துல விந்து வெளியானா பாவமா?" அது ஏன் வருகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாவமா இல்லையா என்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. "பாவம் இல்ல மக்களே, வளர்ற வயசுல வர்றதுதான்" என்றேன். பேச்சு முடிந்த பிறகும் அங்கேயே இருக்கிற ஆள் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வகுப்பில் பையன்களுக்கு நான், பெண்பிள்ளைகளுக்குச் சபையிலுள்ள நர்ஸ் அக்கா. பழைய பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டுக் கேள்விப்பெட்டி வைத்தோம். முதல் வாரம் காலி. எல்லோரும் சொந்தக்காரர்கள், யார் எழுதுகிறார்கள் என்று பார்த்துவிடுவார்களே! முகாமுக்கு வந்த டாக்டரிடம் இந்தப் பயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் எல்லோரும் சீட்டுப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர் வசனம் எழுதிப் போடலாம் என்று மாற்றினோம். அடுத்த வாரம் பதினொரு கேள்வி. "பீரியட்ஸ் நாளில் திருவிருந்து எடுக்கலாமா?" என்று ஒன்று. பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள (இரத்தப்போக்கு நிற்காத) பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட கதையை மாற்கு 5இலிருந்து வாசிக்கச் சொன்னார் அக்கா. அவளை அவர் விலக்கவில்லையே என்றார். அது போதுமாக இருந்தது.

பழகினால் பிள்ளைகள் தங்களுக்கு நடந்த தொந்தரவையும் சொல்லக்கூடும். அதற்குத் தயாராகாமல் இதில் இறங்கக் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சபைக்குள் பேசி முடிக்க இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098ஐப் போர்டில் எழுதிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்கினோம்.

வகுப்பு எடுத்த அனுபவம் எங்களுக்கு ஒரே ஒரு வருடம்தான். கல்யாண வயது வாலிபருக்கு முகாமே சரிப்படலாம், நாங்கள் முயன்று பார்க்கவில்லை. வகுப்பின் பெரிய தொல்லை ஆள் தங்காதது. நர்ஸ் அக்கா பிப்ரவரியில் குவைத் போய்விட்டார். கேள்வி டின் வெஸ்ட்ரி (கோயிலின் பக்க அறை) அலமாரியில் இருக்கிறது. ஜூனில் தொடங்க வேண்டும், பெண்பிள்ளைகளுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. "பேசாம அந்த டாக்டரையே கூப்பிடலாமே" என்கிறார்கள் கமிட்டியில்.