பேட்டரியில் ஆரம்பித்து கிளட்சில் வந்து நின்ற கதை

ஊரில் இறங்கிய மறுநாளே அண்ணன் கார் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். "நீ இருக்குற வரைக்கும் வண்டி உனக்குத்தான். செல்ஃப் கொஞ்சம் மந்தமா எடுக்கும், பயப்படாதே." பழைய சின்ன பெட்ரோல் கார். கிளட்சுக்கும் கேபிள், ஆக்ஸிலேட்டருக்கும் கேபிள். 12 வருஷமாக வெளிநாட்டில் ஆட்டோமேட்டிக்கே ஓட்டியதில் என் இடது காலுக்கு வேலையே மறந்து போயிருந்தது. மூன்றாம் நாள்தான் அது வழிக்கு வந்தது.

நான்காம் நாள் காலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி கடைக்குப் போன் செய்தோம். அரைமணி நேரத்தில் வீட்டுக்கே ஆள் வந்து, பழையதைக் கழற்றி எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு புதுசு மாட்டிவிட்டுப் போனார். நான் இருக்கும் ஊரில் இதற்கு முன்பதிவு செய்துவிட்டு நாள் கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வேகத்தில் மயங்கி, சார்ஜ் சரியாக ஏறுகிறதா என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வண்டி எடுத்தது. ஆனால் புது பேட்டரிக்கு உரிய சுறுசுறுப்பு இல்லை. 'ர்ர்ர்...ர்ர்ர்' என்று இழுத்து இழுத்துத்தான் பிடித்தது. இரண்டு நாள் கழித்து கிளட்ச் பெடல் இறுக ஆரம்பித்தது. அடுத்த நாள் கல்லை மிதிப்பது போல இருந்தது. காலை எடுத்தாலும் பெடல் உடனே மேலே வராமல் யோசித்து யோசித்து வந்தது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் உட்கார்ந்து பெடலை மூன்று முறை மிதித்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங் மூணும் போச்சு சார். கியர்பாக்ஸை இறக்கணும். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க." அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "ஆறு மாசத்துக்கு முன்னாடிதானே கியர்பாக்ஸை இறக்கி எல்லாத்தையும் மாத்தினோம்?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். கிளட்ச் பாடு இப்படியிருக்க, செல்ஃபும் பழையபடி மந்தம்தான். சரி, அதையாவது பார்ப்போம் என்று ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, எது முதல்ல வந்துச்சு? செல்ஃபா, கிளட்சா?" இதுவரை யாருமே கேட்காத கேள்வி. நாங்களும் அதை இரண்டு தனித்தனிக் கோளாறாகத்தான் நினைத்திருந்தோம். செல்ஃப் தகராறு எப்போதிருந்து என்று அண்ணனைக் குடைந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால், கியர்பாக்ஸ் வேலை முடிந்து வந்த கொஞ்ச நாளில் ஆரம்பித்திருக்கிறது.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க, தீப்பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். அண்ணனை செல்ஃப் அடிக்கச் சொன்னார். 11.5 வோல்ட். "பேட்டரி செத்திருந்தா செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழே விழுந்திருக்கும். இது நிக்குது. கரண்ட் போற வழியிலதான் எங்கயோ அடைப்பு." அடுத்து ஒரு ஒயரை நெகட்டிவ் டெர்மினலிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தார். இரண்டும் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழிதானே, பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். காட்டியது 3.8 வோல்ட். நெகட்டிவ் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே 0.4தான். மிச்சம் 3.4 வோல்ட்டும் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே தொலைகிறது.

பிறகு என் கையைப் பிடித்து கிளட்ச் கேபிளின் மேல் உறையில் வைத்தார். சட்டென்று இழுத்துக்கொண்டேன். எஞ்சின் ஓடவே இல்லை, நாலைந்து தரம் செல்ஃப் அடித்ததோடு சரி. அதற்குள் கேபிள் அப்படிச் சுட்டது. லேசாக பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வேறு.

விஷயம் இதுதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பரில் கரண்ட் பாயாது. அதனால் பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த எர்த் ஒயர் நேராக கியர்பாக்ஸுக்கும், ஒரு சன்ன ஒயர் பாடிக்கும் போகும். எங்கள் வண்டியில் அந்தத் தடித்த ஒயர், முனையில் போல்ட் மாட்டும் லக் உடைந்து கியர்பாக்ஸுக்குப் பின்னால் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவர்கள் அந்த போல்ட்டை எப்படி முறுக்கினார்களோ!

செல்ஃப் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். அத்தனை கரண்டும் எப்படியாவது பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டுமே. எஞ்சினையும் பாடியையும் சேர்க்கும் இரும்பு என்று மிச்சமிருந்தது கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும்தான். 3.4 வோல்ட்டை 100 ஆம்பியரால் பெருக்கினால் 340 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் பதிமூன்று பதினான்கைக் கேபிளுக்குள் சொருகி வைத்த மாதிரி. உள்ளே கம்பி வழுக்கி ஓடுவதற்காக ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அது உருகி கம்பியைப் பிடித்துக்கொண்டது. பழைய பேட்டரி சோர்ந்திருந்தவரை கரண்டும் குறைவு, சூடும் குறைவு. புதுசு போட்டதும் தெம்பாகத் தள்ளியிருக்கிறது, கேபிள் வெந்துவிட்டது. கிளட்ச் கெட்டதற்கு நாங்கள் செய்த 'ரிப்பேரே' ஒரு காரணம்!

நான் இருக்கும் வெளிநாட்டில் என்றால் வண்டியைக் கொண்டுபோனதும் முதலில் ஸ்கேனரை மாட்டுவார்கள். கேபிள் இறுகிவிட்டது என்று சொல்ல எந்த சென்சார் இருக்கிறது? ஸ்கேனரில் கோளாறு கோட் ஒன்றும் வரவில்லை என்று சொல்லி, அவர்களும் கடைசியில் கியர்பாக்ஸைத்தான் இறக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சரிசெய்வதற்கு முன் இன்னொன்று செய்து காட்டினார். ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவ் டெர்மினலிலிருந்து எஞ்சினுக்கு மாட்டிவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். விர்ரென்று சுற்றியது. "நம்பிக்கை வந்துச்சா?" என்று சிரித்தார். புது எர்த் ஒயர் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் உப்புத்தாளால் துருவைத் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே முறுக்கினார். மறுபடி அளந்தால் 0.15 வோல்ட். இரண்டு கேபிளையும் மாற்றியதும் கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்கியது. பிளேட்டில் ஒரு குறையும் இல்லை. கழற்றிய கேபிளை வெட்டிக் காட்டினார். உள்ளே குழாய் கருகி, மெழுகு வழிந்து உறைந்தது போலக் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது.

கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் பார்த்தார். 14.2. வந்தபோது பேட்டரியில் அது 13.1தான் இருந்தது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதற்கும் அதே எர்த்துதான் வழி என்பதால், முழுச் சார்ஜ் பேட்டரிக்கு வந்து சேரவில்லை.

"அப்போ அந்தப் பழைய பேட்டரி?" என்றார் அண்ணன்.

"ஒரு ராத்திரி நல்லா சார்ஜ் போட்டிருந்தாலே பிழைச்சிருக்கும். வீட்டுல இருந்தா கொண்டு வாங்க, பார்ப்போம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.