பைபாஸ் கொழுப்பு: வாங்கலாமா, யாருக்கு வாங்கலாம்?

கன்று ஈன்று மூன்று மாதம் கடந்தும் சினைப் பருவத்துக்கு வராத கலப்பினக் கறவை மாட்டுக்கு பைபாஸ் கொழுப்பு (முதல் வயிற்றில் சிதையாமல் கடந்துபோகும் தீவனக் கொழுப்பு) கொடுத்துப் பார்க்கச் சொல்வது தீவனக் கடைகளில் இப்போது வழக்கமாகிவிட்டது. நான் வாங்கிப் பயன்படுத்தியது, பாமாயில் கொழுப்பு அமிலங்களைக் கால்சியத்துடன் சேர்த்துச் செய்த தூள் வகை. மூட்டையில் கொழுப்பு 84 சதவீதம், கால்சியம் 9 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. இதே பொருளைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்பதால், பெயரை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் மதிப்பிடுகிறேன்.

சாதாரண எண்ணெயை அதிகமாகத் தீவனத்தில் ஊற்றினால், மாட்டின் முதல் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும். இந்தக் கால்சியம் உப்போ அங்கே பெரும்பாலும் சிதையாமல் கடந்து, நான்காம் வயிற்றின் அமிலத்தில் பிரிந்து, சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. இந்தச் செயல்முறையில் குறை சொல்ல எதுவுமில்லை.

கன்று ஈன்ற பிறகு பால் உச்சத்தைத் தொடும் வேகத்துக்குத் தீவனம் தின்னும் அளவு ஈடுகொடுப்பதில்லை. அந்தப் பற்றாக்குறையை மாடு தன் உடல் கொழுப்பைக் கரைத்துத்தான் சமாளிக்கிறது. அப்போது இரத்தத்தில் இன்சுலினும் ஐஜிஎஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியும் குறைகின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும், முட்டை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோனின் துடிப்புகளும் தளர்ந்துவிடுவதால், சினைப்பையில் முட்டையைத் தாங்கும் நீர்க்குமிழி வளர்ந்தும் முட்டை வெளிவராமல் சுருங்கிவிடுகிறது. நமக்குத் தெரிவதெல்லாம், பருவ அறிகுறியாக மாடு கத்தவில்லை, கண்ணாடி போன்ற கோழை ஒழுகவில்லை என்பது மட்டுமே.

இந்தப் பற்றாக்குறையை இந்தத் தூள் நிரப்பிவிடும் என்னும் விளம்பரத்துக்கும் கணக்குக்கும் இங்கேதான் இடைவெளி விழுகிறது. நாளொன்றுக்கு 150 கிராம் தூள் தரும் ஆற்றல், ஏறத்தாழ ஒரு லிட்டர் பால் சுரக்கத் தேவையான ஆற்றலுக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். பதினைந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு வைக்கோலும் இரண்டு கிலோ அடர்தீவனமும் மட்டும் போட்டுவிட்டு, மீதியை இந்தத் தூள் நிரப்பும் என்று எதிர்பார்ப்பது வீண். போதாக்குறைக்கு, கூடுதல் ஆற்றலின் பெரும்பங்கை மாடு முதலில் பாலுக்கே திருப்பிவிடுகிறது. எனக்கும் முதலில் தெரிந்த மாற்றம் பாலின் கொழுப்பு அளவில்தான். பருவ அறிகுறி தெளிவாகத் தெரிய வெகுநாள் ஆயிற்று, அதற்குள் பசுந்தீவனத்தையும் தாது உப்பையும் சேர்த்துக் கூட்டியிருந்ததால், பெருமை முழுவதையும் இந்த மூட்டைக்கே கொடுக்க மனம் ஒப்பவில்லை.

வாசனை ஒரு சிக்கல். சோப்புத் தூளைப் போன்ற நெடி அடிக்கும். வேதியியல்படி இது சோப்புதானே! தொட்டியில் தனியாகத் தூவினால் மாடு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நனைத்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் கொஞ்சமாகப் பிசைந்து, ஒரு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவந்தால் பழகிவிடுகிறது. கலப்படச் சந்தேகம் இருப்பவர்கள் ஒரு கரண்டி தூளை வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம்: கால்சியம் உப்பு உருகாது, வெறும் கொழுப்பு எண்ணெயாக மிதக்கும். ஆனால் உருண்டை மணிகளாக விற்கும் வேறு வகை பைபாஸ் கொழுப்பும் வெந்நீரில் உருகும் என்பதால், அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

விலா எலும்புகள் எண்ணும்படி தெரியும், இடுப்பெலும்பு துருத்திய, நிறையக் கறக்கும் மாட்டுக்கு இதை வாங்கலாம். நன்றாகக் கொழுத்திருந்தும் சினை பிடிக்காத மாட்டுக்கும், கருப்பைத் தொற்று உள்ள மாட்டுக்கும் இது வீண் செலவு. அவற்றுக்குக் கால்நடை மருத்துவரின் பரிசோதனைதான் வேண்டும். பால் வற்றிய மாட்டுக்குக் கொழுப்பேற்றினால், கன்று ஈன்றபின் அது இன்னும் குறைவாகத் தின்று, ஆற்றல் பற்றாக்குறை அதிகரிக்கவே வாய்ப்பு.

பெருங்குறை மூட்டையின் மேலேயே இருக்கிறது. அளவு ‘100 முதல் 200 கிராம்’ என்று அச்சிட்டவர்கள், எப்போது தொடங்க வேண்டும் என்று எழுதவில்லை. கன்று ஈன்ற முதல் வாரத்திலிருந்து ஏறக்குறைய 90 நாள் வரைதான் இதற்கு வேலை. அந்தக் காலம் தாண்டி மாடு உடல் தேறிய பிறகு வாங்குபவர்களுக்கு மிஞ்சுவது பாலில் கூடும் கொழுப்பு மட்டுமே. அந்த ஒரு வரிக்கு இல்லாத இடம், கொழுகொழு கன்றின் வண்ணப் படத்துக்குத் தாராளமாகக் கிடைத்திருக்கிறது.