உள்ளங்கையில் 14 மாத்திரை

தங்கச்சிமடத்தில் கருவாடு வியாபாரம் செய்கிறேன். நான் எழுதும் முதல் மதிப்புரை இது. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் அண்ணனுக்குக் கொடுத்த 14 மாத்திரைகளைப் பற்றித்தான்.

போன வருஷம் மே மாதம், தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அண்ணன் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் கடுக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். வெயில் தாழ்ந்த பிறகும் வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கிடைத்த ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் செவிலியர் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இதற்கு முன் ரத்த வாந்தி, பக்கவாதம், அல்சர் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் செவிலியர் ஒரு சின்னக் கவரைப் பிரித்து அண்ணனின் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். "ரெண்டு, நாலு, எட்டு. மொத்தம் பதினாலுண்ணே. இந்த ரெண்டை மட்டும் நல்லா மென்னு முழுங்குங்க." நைலான் நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன கை அது. அன்றைக்கு நடுங்கியது. ஒரு மாத்திரை கீழே விழுந்தது. அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று எடுத்துக் கொடுத்தார். எல்லாம் உள்ளே போகும்வரை தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். ஒரு ரூபாய் வாங்கவில்லை.

2023-ல் அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இது. ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, க்ளோபிடோக்ரெல் 75 நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 எட்டு. முதல் இரண்டும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் என்பது பலருக்கும் தெரியும். அந்த எட்டு எதற்கு? கொழுப்பு மாத்திரையை அவசரத்துக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

மதுரையில் இதய டாக்டரிடம் அதைத்தான் கேட்டேன். 108-ல் ராமநாதபுரம் போய், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் கூடியிருக்கிறது என்று தெரிந்து, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குப் போயிருந்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட், அதாவது இதய ரத்தக் குழாயைத் திறந்து பிடித்திருக்கும் சின்ன வலைக்குழாய், வைத்தார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பலூனை ஊதி அடைப்பை நசுக்கும்போது அதிலிருந்து பொடிப்பொடியாகப் பிய்ந்து கீழே உள்ள நுண்ணிய குழாய்களில் போய்ச் சிக்கும். அங்கங்கே கொஞ்சம் இதயத் தசை செத்துப்போகும். அடைப்பைத் திறக்கும் வேலையிலேயே வரும் சேதம் அது. கொழுப்பு குறைய வாரக்கணக்கில் ஆகும்தான். ஆனால் ஸ்டாடினை, அதாவது அடோர்வாஸ்டாடின் போன்ற கொழுப்பு மாத்திரையை, அதிக அளவில் முன்கூட்டியே கொடுத்தால், சில மணி நேரத்திலேயே குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சியைத் தணிக்கத் தொடங்கி, அந்தச் சேதத்தைக் குறைக்கும். "நீங்க சாயங்காலமே போட்டுட்டு வந்தது நல்லதாப் போச்சும்மா" என்றார்.

மகள் பி.ஃபார்ம் படிக்கிறாள். அவளிடம் சொன்னதும் தேடிப் படித்துச் சொன்னாள். 2004-ல் இத்தாலியில் 153 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஸ்டென்டுக்கு ஏழு நாள் முன்பிருந்தே தினம் 40 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின் எடுத்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் இதயத் தசைச் சேதம். எடுக்காதவர்களில் 18. அப்புறம் 2018-ல் பிரேசிலில் நாலாயிரம் பேருக்கு மேல் பார்த்தபோது, நெஞ்சுவலியோடு வந்த எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. அடைப்பைத் திறக்கும் சிகிச்சைக்குப் போனவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. ஆக இது எல்லா நெஞ்சுவலிக்கும் சஞ்சீவி இல்லை. வீட்டில் வாங்கி வைத்துத் தானாகப் போடும் மாத்திரையும் இல்லை. ஈசிஜி பார்த்து டாக்டர் கொடுக்க வேண்டியது.

அவள் சொன்ன இன்னொன்று மனதிலேயே நிற்கிறது. இந்த ஸ்டாடின் வகை மருந்தை முதலில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. 1970-களில் ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சோதித்து, கடைசியில் ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையில் அதைப் பிடித்தாராம். அடோர்வாஸ்டாடின் பிறகு ஆய்வுக்கூடத்தில் செய்தது, ஆனால் வழி அங்கிருந்துதான். கருவாட்டில் பூஞ்சை கண்டால் கூடையோடு கொட்டுகிறவள் நான்.

இனி குறைகள். மதுரையில் வைத்தியம் நன்றாக நடந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டு முழுக்க இங்கிலீஷ். எந்த மாத்திரை எத்தனை நாளைக்கு என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. முதல் அட்டை தீர்ந்ததும் அண்ணன் ஸ்டாடினை நிறுத்திவிட்டார். "அதான் ஸ்டென்ட் வச்சாச்சே, இன்னும் எதுக்குக் கொழுப்பு மாத்திரை?" மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி மாத்திரை கொடுக்க வரும் பெண்தான் அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தார். பத்து நாள் விட்டுப்போயிருந்தது. டாக்டரைக் கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று. கடலுக்குப் போகிற நாளில், தூண்டில் முள் போடும் பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேல் எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். இப்படி ஒரு மருந்து அங்கே இருப்பது கடற்கரையில் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்றைக்குச் சோடா வாங்கிக் கொடுத்தவர்களுக்கும் தெரியாது. படகுக்கு டோக்கன் வாங்க வரிசையில் நிற்கும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு வையுங்கள் என்று அந்தச் செவிலியரிடம் கேட்டிருக்கிறேன். டாக்டரிடம் சொல்கிறேன் என்றார். இன்னும் வைக்கவில்லை. அடுத்த வாரம் அண்ணனுக்குப் பிபி பார்க்கப் போகும்போது மறுபடி கேட்பேன்.