கூரைக் குழாயா, ஹீட் பம்பா? மெல்பர்ன் குளத்துக்கு எது கட்டுப்படியாகும்

மெல்பர்னில் வெளியே 35 டிகிரி வெயில் கொளுத்தும். வீட்டு நீச்சல் குளத்தில் இறங்கினால் பல் தந்தியடிக்கும். முந்தின நாள் தெற்கேயிருந்து வீசிய காற்று தண்ணீரின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு போயிருக்கும். தீபாவளிக்குத் தொடங்கி சித்திரை வருடப்பிறப்பு வரைக்குமாவது பிள்ளைகள் நீந்த வேண்டும் என்றால் ஏதோ ஒரு விதத்தில் தண்ணீரைச் சூடாக்கித்தான் ஆக வேண்டும்.

விலை கேட்டுப் போனால் பெரும்பாலும் மூன்று யோசனைகள் வரும். முதலாவது பழைய முறை: கூரையில் வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கருப்புக் குழாய்ப் பட்டைகள், அவற்றுக்குத் தண்ணீர் ஏற்றத் தனியாக ஒரு பம்ப், சாதாரணக் கன்ட்ரோலர். இரண்டாவது, அதே பட்டைகள்தான். ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரே பம்ப் வடிகட்டும் வேலையையும் கூரைக்கு ஏற்றும் வேலையையும் பார்க்கும், ஆப் வழியாக எல்லாம் நடக்கும். மூன்றாவது, குழாயே வேண்டாம், கூரையில் மின்சார சோலார் பேனல், கீழே ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் மின்சாதனம். கேஸ் ஹீட்டரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வேகமாகச் சூடேறும், வார இறுதி விருந்துக்குச் சரி. சீசன் முழுக்க ஓட்டினால் பில் கையைக் கடிக்கும்.

ஒப்பிடுவதற்கு ஒரு கணக்கு வேண்டும். 8க்கு 4 மீட்டர் குளம், சுமார் 50,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 1 டிகிரி ஏற்ற 58 யூனிட் (மின்சார பில்லில் வரும் அதே யூனிட், கிலோவாட் மணி) வெப்பம் தேவை. எந்தக் கம்பெனி வந்தாலும் இந்த எண் மாறாது. அந்த 58ஐ எங்கிருந்து எடுக்கிறோம், எவ்வளவு சீக்கிரம் இழக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இழப்பை முதலில் பார்ப்போம், ஏனென்றால் விற்க வருபவர் அதைக் கடைசியில்தான் சொல்வார். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 0.67 யூனிட் வெப்பத்தைக் கூடவே கொண்டுபோகிறது. காற்றடிக்கும் ஒரு நாளில் 3 மில்லிமீட்டர் மட்டம் இறங்கினால் இந்தக் குளத்தில் 96 லிட்டர் போயிற்று; 64 யூனிட்டும் போயிற்று. ஒரு டிகிரிக்கு மேல். குமிழ் வைத்த பிளாஸ்டிக் கவரும் அதைச் சுருட்ட ஒரு ரோலரும் இல்லாத குளத்துக்கு மேலே சொன்ன மூன்றில் எதை வாங்கினாலும் காசு காற்றோடுதான் போகும்.

கவர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பம்புக்கு வருவோம். ஒரே வேகத்தில் ஓடும் பழைய பம்ப் 1,100 வாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 8.8 யூனிட். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும், ஆனால் தேவைப்படும் சக்தி எட்டில் ஒரு பங்காக விழும். இது ஏட்டுக் கணக்கு. மோட்டாரின் சொந்த இழப்புகளையும் சேர்த்தால் 200 வாட் பக்கம் நிற்கும். பத்து மணி நேரம் ஓட விட்டாலும் 2 யூனிட்தான். சத்தமும் அடங்கிவிடும். விக்டோரியாவில் வார நாள்களில் இரவு 10க்குப் பிறகு, காலை 7க்கு முன்பு பக்கத்து வீட்டு அறைக்குள் கேட்கும்படி குளத்துப் பம்பை ஓட்டக் கூடாது என்று விதி இருப்பதால் சத்தமும் கணக்கில் வரவேண்டிய விஷயம்தான்.

இரண்டாவது யோசனையின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது, சிக்கலும் இங்கேதான். மிச்சம் பிடிக்கும் மெதுவான வேகத்தில் தண்ணீர் கூரை உச்சிக்கு ஏறாது. குழாய்ப் பட்டைகளின் மேல்முனையில் ஒரு சின்ன வால்வ் இருக்கும். பம்ப் நின்றதும் காற்றை உள்ளே விட்டுக் குழாய்களை வடியவைப்பது அதன் வேலை. அழுத்தம் போதாவிட்டால் பம்ப் ஓடும்போதே அது திறந்து காற்றை இழுக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் வாயில் வெள்ளை வெள்ளையாகக் குமிழி பொங்கிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் சில நிமிடம் வந்தால் பரவாயில்லை, குழாயில் இருந்த காற்று வெளியேறுகிறது. அரைமணி கழித்தும் நிற்கவில்லை என்றால் வேகத்தைக் கூட்டியாக வேண்டும். மாடி வீட்டில் அப்படிக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் மாற்றும் பம்ப் வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

அதனால் என் கணக்கு இது: ஒற்றைத் தள வீடு என்றால் ஒரே பம்ப் போதும். மாடிக் கூரை என்றால், என்னதான் பழைய பாணி என்று சொன்னாலும், தனிப் பம்ப்தான் புத்திசாலித்தனம். பெரிய பம்ப் நாள் முழுக்க மெதுவாக வடிகட்டட்டும். சின்னது வெயில் நேரத்தில் மட்டும் கூரைக்கு ஏற்றட்டும். உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் தயாரிக்கும் உப்பு குளோரினேட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீரோட்டம் ரொம்பக் குறைந்தால் அது ‘ஓட்டம் இல்லை’ என்று உற்பத்தியை நிறுத்திவிடும்.

மூன்றாவது யோசனைக்குப் போனால் சண்டை கூரை இடத்துக்கு. குழாய்ப் பட்டைகள் குளத்தின் பரப்பில் முக்கால் பங்காவது வேண்டும்; குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களிலும் நீந்த ஆசை என்றால் முழுப் பரப்பு. அதுவும் வடக்குப் பக்கக் கூரையில், ஏனென்றால் இங்கே சூரியன் அந்தப் பக்கம்தான். ஆனால் அதே இடத்தில்தான் மின்சார பேனல்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

பேனல் வெயிலில் 20 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கும். வெப்பமான, காற்றில்லாத நாளில் கருப்புக் குழாய் 70 சதவீதத்தைக்கூடப் பிடிக்கும். அப்படியானால் குழாய்தானே கெட்டி? ஹீட் பம்ப் 1 யூனிட் மின்சாரத்துக்கு 5 யூனிட் வெப்பம் தருகிறது. 20ஐ 5ஆல் பெருக்கினால் நூறு. ஒரே அளவு கூரையில் பேனல் தோற்கவில்லை. காற்றடித்தால் மேலே கண்ணாடி மூடியில்லாத குழாய் சூட்டை இழக்கும், பேனல் இழக்காது. குளத்தை மூடிவைத்த ஆறு மாதமும் குழாய் சும்மா கிடக்கும்; பேனல் ஃப்ரிட்ஜையும் ஹீட்டரையும் ஓட்டும்.

பழைய கணக்கைப் புரட்டிப்போட்டது வேறொன்று. கிரிட்டுக்கு, அதாவது பொது மின் வலையமைப்புக்கு, விற்கும் சோலார் மின்சாரத்துக்கு விக்டோரியாவில் 2009இல் தொடங்கிய திட்டத்தில் யூனிட்டுக்கு 60 சென்ட் கொடுத்தார்கள். 2024-25இல் குறைந்தபட்ச விலை 3.3 சென்ட். அதன் பிறகு அதுவும் இல்லை என்ற நிலைதான். நடுப்பகலில் 6.6 கிலோவாட் பேனலில் மிஞ்சும் மின்சாரத்தை இந்த விலைக்குத் தள்ளிவிடுவதைவிட 12 யூனிட்டை (58இல் ஐந்தில் ஒரு பங்கு) ஹீட் பம்புக்குத் திருப்பிக் குளத்தை 1 டிகிரி ஏற்றிக்கொள்வது மேல். அதே 12 யூனிட்டை யூனிட்டுக்கு 30 சென்ட் கொடுத்து இரவில் வாங்கினால் டிகிரிக்கு மூன்றரை டாலர்.

இங்கேதான் ‘ஸ்மார்ட்’ என்ற சொல்லுக்கு வேலை வருகிறது. கூரைக் குழாய்க்கு வேண்டிய மூளை ரொம்பச் சின்னது: கூரையில் ஒரு சென்சார், தண்ணீரில் ஒரு சென்சார், கூரை ஆறேழு டிகிரி கூடுதலாக இருந்தால் தண்ணீரை மேலே விடு, அவ்வளவே. ஆனால் கூரை சென்சாரைப் பட்டைகளை ஒட்டி, அதே சரிவில் வைக்க வேண்டும். வேலை சுலபம் என்று நிழல் பக்கம் ஒட்டிவிட்டுப் போனால், எந்த ஆப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஹீட் பம்புக்கோ, வீட்டிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தை அளந்து, உபரி வரும்போது மட்டும் அதை எழுப்பும் கன்ட்ரோலர் உண்மையிலேயே பணம் மிச்சம் பிடிக்கும். குளத்தில் எந்த நிறத்தில் விளக்கு எரிய வேண்டும் என்று போனில் தேர்ந்தெடுப்பதற்காக ஆயிரக்கணக்கில் கொடுப்பது அவரவர் விருப்பம்.

பேனல் ஏற்கெனவே இருப்பவர்கள் இனி குழாய்ப் பட்டை பக்கம் போக வேண்டாம் என்பேன். வடக்குக் கூரை காலி, ஒற்றைத் தளம், கோடையை முன்னும் பின்னும் கொஞ்சம் நீட்டினால் போதும் என்பவர்களுக்கு இரண்டாவது யோசனையே மலிவு. ஒரு சங்கடம்: பக்கத்தில் யூக்கலிப்டஸ் மரங்கள் இருந்தால் மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் கூட்டமாக வந்து ரப்பர் குழாயைக் கடித்துக் குதறும். கடினப் பிளாஸ்டிக் குழாய் கேட்டு வாங்குங்கள். கிளிச் சேதம் வாரன்டியில் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஹீட் பம்ப் வாங்குபவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 26, 27 டிகிரி வெப்பக் காற்றில் சோதித்த எண் அது. குளத்தைச் சூடாக்க வேண்டிய அக்டோபர் காலையில் காற்று 15 டிகிரிதான் இருக்கும். அந்த 15 டிகிரியில் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண் சிறியதாகத்தான் இருக்கும், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அதுதான் உதவும்.