இராயபுரம் கிடங்கு உணவகம்: கூரைக்குப் பாராட்டு, சுவருக்கு இல்லை

இராயபுரத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த சரக்குக் கிடங்கு ஒன்றை உணவகமாக மாற்றியிருப்பதாகக் கேள்விப்பட்டு, சென்ற ஞாயிறு மாலை குடும்பத்தோடு சென்றிருந்தேன். 1856-இல் திறக்கப்பட்ட இரயில் நிலையத்தையும் துறைமுகத்தையும் அண்டி எழுந்த இத்தகைய கிடங்குகள் ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. பெரம்பூரில் 1876-இல் தொடங்கிய பக்கிங்ஹாம் ஆலையும் அதனோடு இணைந்த கர்னாடிக் ஆலையும் 1996-இல் மூடப்பட்டு, அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்ததைப் பார்த்த எனக்கு, ஒரு கிடங்காவது நிற்கிறதே என்ற நிம்மதி இருந்தது.

கூரையைக் குறை சொல்ல முடியாது. தேக்கு உத்திரங்களுக்குச் சாயம் பூசாமல் எண்ணெய் மட்டும் தடவியிருக்கிறார்கள். உடைந்த மங்களூர் ஓடுகளுக்குப் பதிலாக ஆங்காங்கே கண்ணாடி ஓடுகளைச் செருகியிருப்பதால், ஐந்து மணிக்குக்கூட விளக்கு தேவைப்படவில்லை. மூட்டைக் கணக்குக்காக யாரோ தூணில் இழுத்த கரிக்கோடுகளையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

சுவரில்தான் கோட்டை விட்டுவிட்டார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சினாலும், காற்றுப்பட்டால் அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்திருப்பதால், போக்கிடமற்ற ஈரம் மேலேறி, பூச்சு முடியும் இடத்துக்குச் சற்று மேலே உப்பாகப் பூத்திருக்கிறது. என் மகள் விரல் வைத்ததும் செங்கல் தூள் தட்டில் உதிர்ந்தது. பரிமாறியவரிடம் காட்டினேன். "மழை முடிஞ்சதும் மறுபடி பெயிண்ட் அடிச்சிடுவோம் சார்" என்றார். பெயிண்டால் இது தீராது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும்.

காசிமேடு அருகில் இருப்பதால் வஞ்சிர வறுவல் எதிர்பார்த்தபடியே நன்றாக இருந்தது. பர்மிய நூடுல்ஸ் உணவான அத்தோ 240 ரூபாய். வெங்காயம் மொறுமொறுப்பாக இருந்தாலும் புளி போதவில்லை. அத்தோ விற்கும் தள்ளுவண்டிக்காரர் நாம் கேட்காமலேயே ஊற்றும் வாழைத்தண்டு சூப்புக்கு இங்கே தனிக் கட்டணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கழிப்பறை சுத்தம், வண்டி நிறுத்த இடமில்லை.

இந்த உணவகத்தால் தெரு செழிக்கும் என்று வாசற்பலகை சொல்கிறது. பணியாளர்களில் இருவர் அதே தெருவைச் சேர்ந்தவர்கள் என்பதை விசாரித்து அறிந்தேன். அது நல்ல தொடக்கம். உள்ளே காபி 120 ரூபாய் என்பதால், வாடிக்கையாளர்களை அழைத்து வரும் ஓட்டுநர்கள் எதிர்த் தேநீர்க் கடையில் கூடுகிறார்கள். அந்தக் கடைக்காரர் புதிதாக இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறார்.